ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, பிறகு கழுத்து ஏன் இன்னும் வலிக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. பத்து மாதம் முன்பு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் உங்கள் கார் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த குட்டி யானை இடித்துவிட்டது. பம்பர் நசுங்கியதோடு சரி. முன் சீட்டில் இருந்த அம்மா, பின் சீட்டில் அழுத பேரனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டத் திரும்பிய நேரம் அது. அன்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, அன்றிலிருந்து வலி விடவே இல்லை. எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ.யிலும் வயதுக்குத் தகுந்த தேய்மானம் தவிர வேறொன்றும் இல்லை. "எலும்பு உடையவில்லை, ஜவ்வு விலகவில்லை, அப்புறம் எப்படி இவ்வளவு நாள் வலிக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "வீட்டில் எல்லோரும் அம்மா பெரிதுபடுத்துவதாகவே நினைக்கிறோம்" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அம்மா சொல்வதை நம்பலாமா? நம்பலாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். ஊசி போடுவதும் ஆபரேஷன் செய்வதும் என் வேலை இல்லை. அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அவரைப் போல "எல்லாம் நார்மல்" என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தை மரம் போல வைத்தபடி வந்து உட்கார்ந்தவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் ஏழு எலும்புகள். இரண்டாவது எலும்பிலிருந்து கீழே, ஒவ்வோர் இரண்டு எலும்புக்கும் நடுவே முன்பக்கம் ஒரு டிஸ்க் இருக்கிறது. நம் ஊரில் ஜவ்வு என்று சொல்வது அதைத்தான். பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மூட்டுகள் இருக்கின்றன. இவற்றை ஃபேசட் மூட்டு என்பார்கள். கழுத்து வலி என்றாலே எல்லோரும் ஜவ்வைப் பற்றியே பேசுவதால் இந்த மூட்டுகள் யார் ஞாபகத்துக்கும் வருவதில்லை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனாலும் முழங்கால் மூட்டில் என்னென்ன உண்டோ அவையெல்லாம் இதிலும் உண்டு: வழுவழுப்பான குருத்தெலும்பு, மூட்டுத் தண்ணீர், சுற்றிலும் ஓர் உறை, மூட்டின் இடுக்குக்குள் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மடிப்புகள். உறையிலும் மடிப்பிலும் வலியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. முழங்கால் பிசகினால் ஆறு மாதம் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதே மாதிரியான மூட்டு கழுத்தில் பிசகினால் மட்டும் நம்புவதில்லை.

பின்னாலிருந்து இடித்தால் தலை பின்னே போய் முன்னே வரும், சாட்டை சொடுக்கியது போல, என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள், டிரைவர் சட்டென்று வண்டியை எடுக்கிறார். கால் பஸ்ஸோடு முன்னே போய்விடும், உடம்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கார் சீட்டிலும் அதே கதைதான். சீட் முதுகை முன்னே தள்ளுகிறது, கூடவே வளைந்திருந்த முதுகு நிமிர்வதால் உடம்பு சற்று மேலேயும் ஏறுகிறது. நாலரை, ஐந்து கிலோ தலை இருந்த இடத்திலேயே நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அதன் கீழ்ப்பாதி பின்பக்கம் மடங்க, மேல்பாதி முன்பக்கம் மடங்க, ஒரு கணம் அது ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைகிறது. இது முழுக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்துவிடுகிறது. கழுத்துத் தசைகள் சுதாரித்து இறுகிப் பிடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால்தான் "கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலாமே" என்று பின்னால் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கணத்தில் கீழ்க்கழுத்தின் ஃபேசட் மூட்டுகளுக்கு என்ன ஆகிறது? சாதாரணமாக நாம் அண்ணாந்து பார்க்கும்போது அந்த மூட்டின் இரண்டு பரப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். இந்த அதிர்ச்சியில் வழுக்குவதற்குப் பதில் மேல் எலும்பு அப்படியே பின்பக்கம் சாய்கிறது. மூட்டின் பின்விளிம்பு இடித்துக்கொள்கிறது, முன்பக்கம் வாய் பிளக்கிறது. உள்ளே இருக்கும் மடிப்பு நசுங்கலாம், உறை அளவுக்கு மீறி இழுபடலாம். 1990களின் பிற்பாதியில் இதை இரண்டு வழியில் பார்த்தார்கள். அமெரிக்காவில் தானமாகக் கிடைத்த உடல்களின் கழுத்தை வைத்துச் சோதித்தார்கள். ஜப்பானில் கானியோகா குழுவினர், தாமாக முன்வந்தவர்களை மெதுவாக உந்தும் இருக்கையில் உட்காரவைத்து, எக்ஸ்ரே படமாக எடுத்தே பார்த்தார்கள். ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் இந்த இடிப்பு நடப்பது அவர்களுடைய 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது. இன்னொரு விஷயம் உங்கள் அம்மாவுக்கு நேராகப் பொருந்தும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது இடி விழுந்தால், நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உறை கணிசமாக அதிகம் இழுபடுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பேரனுக்குத் தண்ணீர் கொடுக்கத் திரும்பிய அந்தத் திருப்பத்தை டாக்டரிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? நம் பக்கம் அறுவடையில் வைக்கோல் பிரி திரித்துக் கட்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் வேகமாகச் சுண்டி இழுத்தால் பிரி அறுந்துபோகாது. உள்ளே நாலைந்து தாள் மட்டும் பட்பட்டென்று முறியும், கைக்குத் தெரியும். வெளியே பார்த்தால் பிரி பிரியாகவே இருக்கும். மூட்டு உறையும் ஏறக்குறைய அப்படித்தான். கிழியாமல், உள்ளிழைகள் மட்டும் ஒழுங்கு குலைந்தாலே அதிலுள்ள நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன, சில சமயம் இழுப்பு நின்ற பிறகும் ஓயாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. விலங்குகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், எம்.ஆர்.ஐ. ஜவ்வையும் நரம்பையும் நன்றாகக் காட்டும். நகம் அளவு மூட்டின் உறையில் இழை முறிந்ததைக் காட்டும் அளவுக்கு இரண்டுமே நுட்பமானவை அல்ல. ஆஸ்திரேலியாவில் டெய்லரும் டூமியும், விபத்தில் இறந்தவர்களின் முதுகெலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்து 1993இல் எழுதினார்கள். மூட்டுக்குள் ரத்தக் கசிவு, ஜவ்வின் ஓரத்தில் வெடிப்பு என்று அவர்கள் கண்டவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் படங்களில் தெரியாதவை. ஆனால் அவையெல்லாம் உயிர் போகும் அளவுக்கு நடந்த விபத்துகள். பம்பர் நசுங்கிய விபத்திலும் அதே காயம்தான் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. அப்படி ஒரு காயம் படத்தில் தெரியாமல் ஒளிந்திருக்க முடியும் என்பது மட்டும் நிச்சயம்.

இந்த மூட்டிலிருந்துதான் வலி வருகிறது என்று எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நிகோலாய் போக்டுக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் போகும் நரம்புக் கிளை எலும்பில் எந்த இடத்தில் ஓடுகிறது என்பது தெரிந்ததுதான். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தில் சில சொட்டு மரத்துப்போகும் மருந்தைப் போட வேண்டும். வலி அந்த மூட்டிலிருந்துதான் என்றால் சில மணி நேரம் வலி நிற்கும். ஆனால் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்து முடிவு செய்தால் 100க்கு 27 பேரிடம் தப்பான விடை வருகிறது என்றும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அதனால் வேறொரு நாள் மறுபடி போடுவார்கள். ஒரு நாள் சீக்கிரம் தெளிகிற மருந்து, இன்னொரு நாள் நெடுநேரம் நிற்கிற மருந்து. எது எப்போது என்று நோயாளிக்குச் சொல்வதில்லை. மருந்தின் நேரத்தோடு வலி நின்ற நேரமும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கண்டிப்போடு பார்த்தும், விப்லாஷுக்குப் பிறகு, அதாவது இப்படி இடிபட்டுக் கழுத்து சொடுக்கப்பட்ட பிறகு, நெடுநாள் கழுத்து வலியோடு வந்தவர்களில் சரிபாதிக்கும் சற்று மேல், ஓர் ஆய்வில் 54 சதவீதம், இன்னொன்றில் 60 சதவீதம் பேருக்கு வலி ஃபேசட் மூட்டிலிருந்துதான் வந்தது. அவர்கள் எல்லோரும் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. கார் இடித்த எல்லோருக்கும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மயிலாடுதுறைப் பக்கத்து தவில்காரர், வயது நாற்பதுக்குள். கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது பின்னால் ஒரு பஸ் தட்டியது. ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் வந்தார். எங்கே வலி என்று கேட்டால் உள்ளங்கையை வைத்துக் காட்டுபவர்களே அதிகம். ஒற்றை விரலால் காட்டச் சொன்னேன். இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரே இடத்தைக் குத்திக் காட்டினார். "நாயனக்காரர் முகத்தைப் பார்க்காம வாசிக்க முடியாதுங்க, பக்கவாட்டுல திரும்பினா அங்க போயி குடையுது" என்றார். அதுவரை எல்லோரும் அவருடைய முதுகில்தான் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள், முதுகில்தான் கரண்ட் வைத்திருக்கிறார்கள். கீழ்க்கழுத்து மூட்டின் வலி தோள்பட்டை எலும்புக்கு இறங்கும். ஐந்து, ஆறுக்கு நடுவில் உள்ள மூட்டென்றால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நிற்கும். இரண்டு, மூன்றுக்கு நடுவில் என்றால் பின்மண்டையில் ஏறி நெற்றி வரைக்கும்கூட வரும், தலைவலி மாத்திரையாகப் போட்டு வயிறு கெட்டுப்போனவர்கள் உண்டு. ஊசி போடும் மருத்துவரிடம் திருச்சிக்கு அனுப்பினேன். முதல் ஊசி போட்ட அன்று மாலை போன் செய்தார். பேச்சில் ஒரு படபடப்பு. "திரும்பிப் பார்த்துட்டேன் சார், ரெண்டு பக்கமும்." ராத்திரிக்குள் வலி திரும்பி வந்துவிட்டது. மருந்து அவ்வளவு நேரம்தான் நிற்கும் என்று சொல்லியனுப்பியிருந்தும் அவர் குரல் உடைந்துபோயிருந்தது. நான் சொன்னேன், இன்றுதான் உங்கள் வலிக்கு ஒரு முகவரி கிடைத்திருக்கிறது என்று.

இரண்டாவது ஊசியும் ஒத்துப்போன பிறகு அவருக்கு ரேடியோ அலை சிகிச்சை செய்தார்கள். அதே நரம்புக் கிளையை ஊசி முனையின் சூட்டால் செயலிழக்க வைப்பது இது. இதற்கு நல்ல சான்று உண்டு. போக்டுக் குழுவைச் சேர்ந்த லார்டு முதலானோர் 1996இல் 24 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சையும் பாதிப் பேருக்குச் சூடு மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் அதேபோலவும் செய்தார்கள். பழைய வலியில் பாதி திரும்பி வர எத்தனை நாள் ஆனது என்று பார்த்ததில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு நடு அளவு 263 நாள், மற்றவர்களுக்கு 8 நாள். 24 பேர் சின்னக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரியது. நரம்பு மறுபடி வளரும் என்பதால் இது நிரந்தரத் தீர்வு கிடையாது. தவில்காரருக்குப் பதினொரு மாதம் நின்றது, மறுபடி செய்துகொண்டார். அப்புறம், யாராவது மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால் கேள்வி கேளுங்கள். 1994இல் செய்த ஒப்பீட்டில் அது வெறும் மரத்துப்போகும் மருந்தைவிட மேலாக இல்லை, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இப்போது மனசு விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, எரிச்சல் வருகிறது, காரில் ஏறவே பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வலி என்று வீட்டில் முடிவுகட்டியிருக்கிறீர்கள். போக்டுக் குழுவினர் 1997இல் ஒன்றைக் காட்டினார்கள். அந்த ரேடியோ அலை சிகிச்சையில் வலி முழுதும் நின்றவர்களுக்கு, மனநலம் சார்ந்த சிகிச்சை எதுவும் தராமலே மன உளைச்சலும் தானாக நீங்கியது. வலி போனதும் உளைச்சலும் போயிற்று என்றால் எது முதலில் வந்தது என்று நீங்களே யோசியுங்கள். அதற்காக மனசுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் வலி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகி, சின்னத் தொடுதலைக்கூட வலியாக வாசிக்கத் தொடங்கும். பயமும் தூக்கமின்மையும் அதற்கு எண்ணெய் ஊற்றும். முதல் நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கு அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விபத்து இழப்பீடு, காப்பீடு என்று யாரும் பேசாத லித்துவேனியாவில், பின்னால் இடிபட்ட 202 ஓட்டுநர்களை ஒன்று முதல் மூன்று வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 1996இல் வந்த அந்தக் கட்டுரையில், விபத்தே நடக்காதவர்களைவிட அவர்களுக்குக் கழுத்து வலி அதிகம் இல்லை. "பார்த்தீர்களா, எல்லாம் பணத்துக்காக" என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்த 202 பேரில் பெரும்பாலோருக்கு விபத்தின்போதே வலி வரவில்லை. வலி வந்த கொஞ்சம் பேரில் எத்தனை பேருக்கு நீடிக்கும் என்று கணிக்க அந்த எண்ணிக்கை போதாது என்ற மறுப்பு வலுவானது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மற்ற நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வலி வந்தவர்களில் சரிபாதிப் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் ஏதாவது ஒரு தொந்தரவு மிச்சமிருக்கிறது. தேறுபவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே தேறிவிடுகிறார்கள். அம்மா பத்து மாதம் தாண்டிவிட்டதால் இனி தானாகப் போய்விடும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் தொழிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நெடுநாள் விப்லாஷ் வலி உள்ள 172 பேரில் ஒரு பாதிக்குப் பன்னிரண்டு வாரத்தில் இருபது முறை ஆளுக்கேற்ற பயிற்சி, மறு பாதிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி ஆலோசனை, தேவையென்றால் போனில் விளக்கம். முடிவில் இரண்டு பக்கத்துக்கும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து மாதக்கணக்கில் ஆட்களைத் தினமும் வரவழைப்பதை நிறுத்திவிட்டேன். நாலைந்து முறை வரச்சொல்லி, வீட்டில் செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன். அம்மா செய்யக்கூடியது இது. தலைக்கு மெல்லிய துண்டை மடித்து வைத்து மல்லாந்து படுக்கட்டும். "ஆமாம்" என்று சொல்வது போல முகவாயை மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடட்டும். பத்து தடவை, காலையும் மாலையும். தொண்டைக்குப் பக்கத்துத் தசை புடைத்தால் வேகம் அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டியைப் பத்து மாதமாகப் போட்டிருக்கிறார் என்றால் கழற்றுங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக. அது தசையைச் சோம்பேறியாக்கும். கோலம் போடுவது, கடைக்கு நடப்பது எதையும் நிறுத்த வேண்டாம்.

எண்ணெய் காய்ச்சித் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை வெட்டித் திருப்ப யாரையும் விடாதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் முகவாயையும் பின்மண்டையையும் பிடித்து இரண்டு பக்கமும் சொடக்கு எடுப்பார்களே, அதுவும் வேண்டாம். கழுத்தெலும்புத் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் திருப்ப முடியாதது. உறை ஏற்கெனவே இழுபட்ட கழுத்தில் அந்த விளையாட்டு தேவையே இல்லை.

அடுத்த முறை தஞ்சாவூருக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது "கழுத்து வலிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இடி விழுந்தபோது தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஒற்றை விரலால் காட்டினால் வலி எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பினால் கூடுகிறது, தலைவலி பின்மண்டையில் தொடங்குகிறதா, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஃபேசட் மூட்டு நரம்பு பிளாக், அதாவது மேலே சொன்ன மரத்துப்போகும் ஊசிச் சோதனை, செய்து பார்க்கலாமா என்று நேராகவே கேளுங்கள். ஒரு தடவையா இரண்டு தடவையா என்றும் கேளுங்கள். விபத்து வழக்கு போட்டிருந்தால், மறுநாளே வலி தொடங்கியதைக் காட்டும் முதல் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஸ்கேன் நார்மல் என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அது உதவும். கை விரல்கள் மரத்துப்போவது, பிடித்த பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு வலி கூடுவது, இவற்றில் எது வந்தாலும் நான் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். அவை மூட்டு வலியின் அறிகுறிகள் அல்ல.

இன்று இரவு அம்மாவிடம் போய் எங்கே வலிக்கிறது என்று ஒற்றை விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பத்து மாதத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.